இரவல் குங்குமம்

திருவிடந்தை காலனியில் மார்கரெட் என்றால் எல்லாருக்கும் தெரியும். செங்கம்மாள் என்றால் தாலுகா ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும். ஆள் ஒருத்திதான். பிறந்தபோது வைத்த பெயர் சான்றிதழோடு நின்றுவிட்டது, ஞானஸ்நானப் பெயர் ஊர் வாயில் ஒட்டிக்கொண்டது. பதினாறு வருஷமாகக் கேளம்பாக்கம் அடுக்குமாடியில் படிக்கட்டு துடைத்து முட்டி தேய்ந்தவளுக்கு, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலேயே சத்துணவுச் சமையல் வேலை கூடிவந்தது. ஆதிதிராவிடருக்கு ஒதுக்கிய இடம். கிறிஸ்தவம் என்று எழுதினால் அந்த ஒதுக்கீடு கிடையாது. விசாரிக்க வி.ஏ.ஓ. வீட்டுக்கே வருகிறார் என்று தகவல் வந்தது.

"அர நாளுதானே. ஆண்டவரு கோச்சுக்க மாட்டாரு" என்று கணவன் ஜெபக்குமார் வாசல் சிலுவையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அந்தத் தெருவுக்கு இதென்ன புதுசா? விசாரணை என்றால் நடக்கிற கூத்துதான். பக்கத்து வீட்டு ஜெயப்பிரியா தன் வீட்டுப் பெருமாள் படத்தைக் கொண்டுவந்து மாட்டி, மார்கரெட் நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டாள். "அழகா கீற யக்கா, சும்மா இரு" என்றாள். அவளுக்குச் சிரிப்பு, இவளோ கண்ணாடிப் பக்கமே திரும்பவில்லை.

வி.ஏ.ஓ. ஹரிப்ரியா வந்தாள். படத்தைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், திருப்தியாக உட்கார்ந்தாள். மார்கரெட் காப்பி கொண்டுவந்தாள். அங்கேதான் வந்தது வினை. ஜெபம் பண்ணாமல் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் கொடுத்துப் பழக்கமில்லை. டம்ளரைப் பிடித்தபடியே கண்ணை மூடி, "ஆண்டவரே, வந்த பிள்ளைய ஆசீர்வதியும், ஆமென்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்!

ஜெபக்குமார் தலையில் கைவைத்துக்கொண்டான். ஹரிப்ரியா காப்பியை வாங்கிக் குடித்தாள். நல்ல பெண். "எனக்கு எதுவும் கேக்கலக்கா. மதம்ங்கிற எடத்துல இந்துன்னு எழுதிட்டேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

மார்கரெட் பேனாவை வாங்கினாள். மூடியைத் திறக்காமலே நிமிர்ந்தாள்.

"சாமி மாறிச்சு மேடம். தெரு மாறலியே? அதே காலனி, அதே தொடப்பம். அதுக்கு ஒரு எடம் இதுல இல்லியா?"

"இல்லக்கா."

"எம்புள்ள ஜுரத்துல கெடந்தப்ப ஆண்டவரத்தான் கூப்டேன். இப்ப அவரு யாருன்னே தெரியாதுன்னு கையெழுத்து போட்டுட்டு ஆக்குற சோறு எனுக்கு எறங்குமா?"

பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். ஹரிப்ரியா போய்விட்டாள். வேலையும் அவளோடு போய்விட்டது.

"நீ மட்டுந்தான் யோக்கியமா? நாளிக்கி முட்டி மடங்கலன்னா இன்னா பண்ணுவ?" என்று கத்திவிட்டு ஜெபக்குமார் வெளியே போனான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

படத்தை எடுத்துப்போக ஜெயப்பிரியா வந்தாள். மார்கரெட் அதை முந்தானையால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். ஜெயப்பிரியா படத்தை ஓரமாக வைத்துவிட்டு, தன் முந்தானையை நனைத்து அவள் நெற்றியைத் துடைத்தாள். "நாந்தான யக்கா வெச்சேன்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். மார்கரெட்டுக்கும் அடக்க முடியவில்லை.

"அழுவாதடி. காலைல ஆறு மணி ஷேர் ஆட்டோவ உட்டா சூப்பர்வைசர் கத்துவான்" என்றவள், முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து சிலுவையை எடுத்தாள்.