சித்திர வாத்தியாரும் ரெஜிபோம் தாமரையும்

சூட்டுக் கம்பி பட்டு பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் நுரைப்பலகை உருகும் அந்தக் கருகல் மணம்...

ஊர்காவற்றுறைப் பக்கப் பள்ளிக்கூடமொன்றில் சித்திர ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடம் என் சட்டையில் மணத்தது அதுதான். வர்ணம் மணக்கவேயில்லை.

என் பாடவேளையெல்லாம் கணிதத்துக்குப் போய்விடும். தரம் பதினொன்றுப் பிள்ளைகள் சித்திரத்தில் பரீட்சை எழுதவேண்டும். தூரிகையைத் தொட்டதே இல்லை. அதிபரிடம் போய் நின்றேன்.

"பரிசளிப்பு விழா மேடையை வடிவாச் செய்து தாரும். உம்மட பாடவேளையைத் திருப்பித் தாறன்."

செய்தேன். என்ன மேடை! தேவலோகத்துத் தச்சன் கண்டிருந்தால் உளியைக் கடலில் எறிந்துவிட்டு நயினாதீவுக்கு வள்ளம் ஓட்டப் போயிருப்பான். நான் வெட்டிய ரெஜிபோம் தாமரையில் வண்டுகள் மோதி மயங்கி விழுந்தன.

பிரதம விருந்தினர் மைக்கில் பிள்ளைகளை மறந்து மேடையையே புகழ்ந்தார். அதிபரும் சொன்ன சொல் தவறவில்லை. பாடவேளை கிடைத்தது.

ஆனால் புகழ் கடல் தாண்டிவிட்டதே! நாரந்தனையில் விழாவா, கூப்பிடு அவரை. சரவணையில் கண்காட்சியா, கூப்பிடு அவரை. நெடுந்தீவிலிருந்து படகே வந்தது.

இப்போது வகுப்பு இருந்தது... வாத்தியார்தான் இல்லை.

ஒருநாள் பஸ்ஸுக்கு ஓடும்போது மாணவி ஒருத்தி மறித்தாள்.

"சேர், நாங்கள் எப்ப சேர் கீறுறது?"

"நாளைக்கு, பிள்ளை."

அந்த நாளைக்கு முன்னம் பரீட்சை வந்துவிட்டது.

ஓய்வுபெற்றும் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. போன மாதம் அதே பள்ளிக்கூடம் பிரதம விருந்தினராக அழைத்தது, பறந்து போனேன். இப்போது டிஜிட்டல் பனர், ஓடி ஓடி எரியும் லைட்... உண்மையிலேயே வடிவான மேடை. பின்னால் ஸ்டேப்ளரோடு இளம் சித்திர ஆசிரியர்.

"தம்பி, பிள்ளையள் என்ன கீறுதுகள்?"

"எங்க சேர் நேரம்? மேடையைப் பார்க்கவெண்டே வேற பள்ளிக்கூடத்து அதிபர்மார் ரெண்டு பேர் வந்திருக்கினம். பிடிச்சுதெண்டால் அங்கையும் போகவேணும்."

அதன்பிறகு கதிரையில் இருக்க முடியவில்லை. என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்தேன்.

"என்ர சீவியத்தில இப்பிடி ஒரு அவலட்சணமான மேடையை நான் கண்டதில்லை!"

அந்த இரண்டு அதிபர்மாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தேநீருக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்கள்.

தம்பிக்கு விளக்கம் சொல்ல நானும் நாள்தோறும் போன் எடுக்கிறேன், பள்ளிக்கூட நேரம் பார்த்தே எடுக்கிறேன். பதில் இல்லை. கோபமாக இருக்கலாம்...

வகுப்பில் நிற்கிறார் போலும். அப்படித்தான் இருக்கவேண்டும்.