அமைதியான இடம் தேடிப் போனோம்

எண்பத்து மூன்று கலவரம் முடிந்து இரண்டு வருடம் இருக்கும். நாங்கள் அப்போது கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் டவுனில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். என் கணவர் ஒரு புடவைக் கடையில் சேல்ஸ்மேன். முதல் தடவையாக இந்தியாவுக்குப் போகப் போகிறோம் என்று முடிவானதும் எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. எங்கள் முன்னோர் அங்கேயிருந்து வந்தவர்கள்தான், ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கடல் தாண்டியதில்லை. பாஸ்போர்ட்டை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அலுமாரியில் வைத்துப் பூட்டுவேன்.

அந்தச் சந்தோஷத்துக்குள்ளே ஒரு கவலையும் இருந்தது. என் கணவருக்குக் குரல் என்றால் அப்படி ஒரு குரல்! கடை வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று அவர் கூப்பிட்டால் எதிர்ப் பக்கம் போகிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். சிங்களத்திலும் அதே கம்பீரம்தான். வீட்டிலும் அதே சத்தம். "மெல்லப் பேசுங்க, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது" என்று சொல்லிச் சொல்லியே என் வாய் தேய்ந்திருக்கும்.

கலவரத்தில் அந்தக் கடை அவர் கண் முன்னாலேயே எரிந்தது. பின்பக்கமாகத் தப்பி வந்தவர் அன்றைக்குத் தாழ்த்திய குரலைப் பிறகு உயர்த்தவே இல்லை. முதலாளி கடையைத் திரும்பத் திறந்த பிறகும் வாசலுக்கு வரமாட்டார், உள்ளே நின்று துணி மடிப்பார். எங்கள் சொந்தக் குசினியில் உட்கார்ந்து உப்புக் கேட்பதைக்கூட ரகசியம் மாதிரிக் கேட்பார். ரோட்டில் ஒரு லொறி வந்து நின்றால் போதும், தூக்கம் போய்விடும். டாக்டரிடம் காட்டினோம். மருந்தைவிட ஓய்வுதான் முக்கியம், ஊரை விட்டு எங்கேயாவது கொஞ்ச நாள் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். அந்தக் குரலை இனிக் கேட்பேனா என்பதுதான் என் மனதுக்குள் இருந்த ஒரே கேள்வி.

எங்கே போவது என்று தீர்மானிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பளையில் என் அண்ணன் வீட்டில் கூடினோம். அண்ணி பழனி, மதுரை, திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்கும்போதே எனக்குக் கால் வலித்தது. அண்ணனுக்கு மெட்ராஸ்தான் இந்தியா, மற்றதெல்லாம் கணக்கில்லை. என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா, "கொடைக்கானலுக்குப் போங்கோ. நல்ல குளிராம், சனமும் குறைவாம் எண்டு சொல்லினம்" என்று சொல்லியிருந்தார். அதை நான் எடுத்துவிட்டதும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "மலையில இருந்துக்கிட்டு மலையப் பாக்கவா போறீங்க? அதுக்கு எதுக்குப் பிளேனு? நம்ம ஹந்தானை மலையில ஏறி உக்காந்துட்டு வாங்க!"

எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்த என் கணவர் வாயைத் திறந்தார். "சத்தமில்லாத இடமா இருந்தா போதும்" என்றார். அதுவும் பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. கொடைக்கானல் முடிவானது.

அந்த நாட்களில் ஒரு தமிழ்க் குடும்பம் இந்தியாவுக்குப் போகிறோம் என்றால் அதை உல்லாசப் பயணமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா, நல்ல மனுஷி, "அலுமாரியை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?" என்று சிங்களத்தில் கண் கலங்கக் கேட்டார். பிள்ளைகள் இரண்டு பேரையும் கம்பளையில் விட்டுவிட்டுப் போகிறோம் என்று சொன்ன பிறகுதான், நாங்கள் திரும்பி வருவோம் என்று நம்பினார்.

பிளேன் ஏறிய கதையை எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். காது அடைத்தது, ஆனாலும் ஜன்னலை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. நன்றாக வேடிக்கை பார்ப்பதற்குள் திருச்சி வந்துவிட்டது! பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது தலை சுற்றாத குறை. எங்கே பார்த்தாலும் தமிழ் எழுத்து. பஸ்காரர், பூக்காரி, சண்டை போடுகிறவர், சமாதானம் செய்கிறவர் எல்லாருமே தொண்டை கிழியத் தமிழில் கத்துகிறார்கள். என் கணவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். அங்கேயிருந்துதான் கொடைக்கானலுக்கு பஸ் மாற வேண்டும்.

கண்டியில் பஸ் ஏறுவதற்கு நாங்கள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். வீட்டு வாசலிலேயே நான் பொட்டை அழித்துவிடுவேன். இறங்கும்வரை ஒரு சொல் தமிழ் பேசமாட்டோம். முழங்கையால் இடித்தால் அடுத்த தரிப்பில் இறங்க வேண்டும், புடவைத் தலைப்பை இழுத்தால் சும்மா இரு என்று அர்த்தம். சட்டம் உடம்பில் ஊறிவிட்டது. திருச்சியிலும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் வாயைப் பூட்டிக்கொண்டோம். அது எங்களுக்கே தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

கண்டக்டர் வந்து எங்கே போகவேண்டும் என்று கேட்டார். என் கணவர் உதட்டை அசைத்தார். "என்ன?" என்றார் கண்டக்டர். மறுபடி உதடு அசைந்தது. "வாயத் தொறந்து சொல்லுய்யா!" என்று அவர் எரிச்சல்பட்டார். நானாவது சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. எனக்குப் பக்கத்தில், மடியில் கொய்யாப்பழக் கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் குறுக்கே புகுந்து, "அதட்டாதீங்க தம்பி. பாவம், வாய் பேச வராதவுங்க போல. திண்டுக்கல்லுன்னுதான் சொல்றாரு, உதட்டப் பாத்தாலே தெரியுதே" என்றார். கண்டக்டர் முகம் மாறிவிட்டது. அடுத்த நிமிடமே டிக்கெட் கைக்கு வந்தது.

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டாமா? அந்த அம்மா என்னை விட்டால்தானே! குழந்தையைத் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டிக் காட்டி, பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். வெட்கத்தில் நானும் இரண்டு விரலைக் காட்டித் தொலைத்தேன். போச்சு! "ரெண்டு புள்ளைங்களாம்!" என்று பஸ் முழுக்கச் செய்தி பரவியது. ஒரு பெரியவர் எழுந்து ஜன்னல் பக்கத்து இடத்தை என் கணவருக்குக் கொடுத்தார். இன்னொருவர் பெட்டியை வாங்கி மேலே வைத்தார். அந்த அம்மா கொய்யாப்பழத்தைத் துடைத்து என் கையில் திணித்தார். பிறகு என் கழுத்துத் தாலியையும் வெறும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். சுருக்குப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என் நெற்றியில் ஒட்டிவிட்டார். இரண்டு வருடமாகப் பொட்டோடு நான் பஸ்ஸில் உட்கார்ந்ததில்லை. அழுகை வந்துவிட்டது.

மணப்பாறையில் பஸ் நின்றது. முறுக்கு விற்கிறவர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். அந்த அம்மா எங்களை அசைய வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஜன்னல் வழியாக ஒரு முறுக்குக்காரரைக் கூப்பிட்டார். "நொறுங்காததாப் பாத்துக் குடுப்பா. புருஷனுக்கும் பேச்சு இல்ல, பொண்டாட்டிக்கும் பேச்சு இல்ல. ஆண்டவன் எப்பிடி ஜோடி சேத்திருக்கான் பாத்தியா? இவங்க வீட்டுல சண்டையே வராது!"

என் கணவரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நான் பயந்தேன். திரும்பிப் பார்த்தால் மனுஷர் சிரிக்கிறார்! அடக்கப் பார்த்து முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பழைய கடை வாசல் குரலில் ஒரே சத்தமாக வெடித்தார். "அக்கா! எங்களுக்குப் பேச வருங்கா! இவ வீட்டுல போடுற சண்டைய நீங்க கேக்கணும்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முறுக்குக்காரர் வாயைப் பிளந்தார். அந்த அம்மா என் தோளில் ஓர் அடி போட்டு, "அட பாவிங்களா! பின்ன ஏன்டி இவ்வளவு நேரம் ஊமையாட்டம் உக்காந்திருந்தீங்க?" என்றார்.

"நாங்க கண்டிங்கா. எங்க ஊரு பஸ்ஸுல தமிழ் பேசமாட்டோம். பழகிப்போச்சு" என்றார் என் கணவர்.

அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இங்க யாரு தம்பி உங்களக் கேக்குறா? நல்லாக் கத்திப் பேசுங்க" என்றார்.

அனுமதி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. திண்டுக்கல் வரும்வரை மனுஷர் வாயை மூடவில்லை. கடை, கலவரம், பிள்ளைகள், மகாவலி கங்கை, எங்கள் அண்ணனின் கஞ்சத்தனம் எதையும் விட்டுவைக்கவில்லை. கண்டக்டர் வந்து பக்கத்தில் நின்று கதை கேட்டார். நான் நெற்றிப் பொட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொடைக்கானலுக்கும் போனோம். அண்ணன் சொன்னதுதான் சரி. ஏரி, பனி, யூகலிப்டஸ் வாசனை எல்லாம் நம்ம நுவரெலியாவேதான். அமைதியும் கேட்ட மாதிரியே இருந்தது. அந்த அமைதியில் தூரத்தில் ஒரு ஜீப் நின்றாலும் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மூன்றாம் நாள் காலையில், "கீழ போயிருவோமா? அந்தச் சத்தம் இருந்தாத்தான் நல்லா இருக்கு" என்றார்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்த மாதிரி ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். ஜன்னலுக்குக் கீழே "மதுரை, மதுரை", "பழனி, பழனி" என்று ஓயாத கூச்சல், ஹாரன் சத்தம், டீக்கடை ரேடியோ வேறு. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், அந்த இரைச்சலுக்கு நடுவே அசையாமல் தூங்கினார். சாயங்காலம்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மீதி நாட்களையும் அங்கேதான் கழித்தோம். இந்தியாவுக்கு வந்து பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் நாங்களாகத்தான் இருக்கும்!

ஊர் திரும்பினோம். கண்டி பஸ்ஸில் மறுபடி வாயை மூடிக்கொண்டோம். யுத்தம் அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் நீண்டது. ஆனால் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும், "உப்பு எங்க?" என்று குசினி அதிரக் கேட்டார். இப்போது அவருக்குக் காது மந்தம், பேசினால் தெருமுனைவரை கேட்கிறது. பிள்ளைகள் "அப்பாவ மெல்லப் பேசச் சொல்லுங்கம்மா" என்கிறார்கள். ஆனால் மணப்பாறையில் அந்த பஸ் நின்ற நாளிலிருந்து இன்றுவரை அந்த ஒரு சொல்லை மட்டும் நான் அவரிடம் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன்.