சிறை வாசல் குழாயடி

டெய்லரம்மாவுக்கு அளவு நாடாவைத் தோளில் போட்டால் போதும், வாய் தானாகச் சிறைச்சாலைப் பக்கம் போய்விடும். "எங்க குண்டுவ வாராவாரம் ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். பாவம், அவங்களும் மனுஷங்கதானே?" அளவு கொடுக்க வந்தவர்கள் கையைத் தூக்கியபடியே இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். வீட்டுக்காரர் மட்டும், "வேலை பாக்கிறது நாய், பேரு வாங்குறது நீ" என்று சீண்டுவார்.

குண்டு ஒரு பழுப்பு நாய். யார் தொட்டாலும் மல்லாந்து படுத்துக்கொள்ளும். அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் மாட்டாஸ்பத்திரி டாக்டர் அதைச் சிறைக்குச் சிபாரிசு செய்தார். உள்ளே மனசு ஒடிந்துபோனவர்கள் அதைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

அவர்களில் ஒரு கொத்தனார். குடிவெறியில் தம்பியைப் பிடித்துத் தள்ள, தம்பி செத்துப்போக, உள்ளே வந்தவர். வந்த நாளிலிருந்து பேச்சில்லை, தூக்கமில்லை. குண்டுவின் காதைத் தடவ ஆரம்பித்த பிறகுதான் கண் அசருகிறார் என்று வார்டர் சொன்னார். அதைக் கேட்டு டெய்லரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் வெளியே வந்ததும் அவள் செய்கிற காரியத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சிறை வாசலை ஒட்டி ஒரு குழாய். பையில் டெட்டால் பாட்டிலும் பழைய துண்டும் தயாராக இருக்கும். குண்டுவை அங்கேயே நிறுத்தி, தலை முதல் வால் வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு நடையைக் கட்டுவாள். எவன் கையோ, என்னென்ன செய்த கையோ! பேத்தி கட்டிப்பிடிக்கிற நாயல்லவா என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் வைத்திருந்தாள்.

மழை பிடித்துக் குளிர் ஏறிய ஒரு வாரம். சிறைக் கூடத்தில் எல்லோரும் வழக்கம்போலப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். குண்டு வாலை ஆட்டிக்கொண்டு ஒவ்வொருவர் மடியிலும் மூக்கை நீட்டியது. ஒருவர்கூடத் தொடவில்லை. கொத்தனார் இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டார். குண்டு அவர் முழங்காலை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுச் சிணுங்கியது.

டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்றது. வேலையைப் போட்டுவிட்டு வந்தவளுக்கு இதுதான் மரியாதையா?

"என்னங்க, நாய் பிடிக்காமப் போச்சா? சொல்லிடுங்க, நான் வரல."

கொத்தனார்தான் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"பிடிக்காம இல்லம்மா. நாங்க தொட்டா நீங்க அதக் குளிப்பாட்டணும். மேல ஜன்னல்லேர்ந்து பாத்தா குழாய் தெரியும். போன வாரம் ரொம்ப நடுங்குச்சு. எங்களால அதுக்கு எதுக்குக் கஷ்டம்?"

குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசித் தப்பித்திருப்பாள்.

"அது வந்து... வழியெல்லாம் ஒரே சேறு..."

"ஆமாம்மா, மழைக்காலம். சேறுதான்" என்று அவரே அவசரமாக ஒத்துக்கொண்டார். தன் பொய்க்கு அவர் முட்டுக்கொடுத்ததும் டெய்லரம்மா கூனிக்குறுகிப்போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இனிமே கழுவ மாட்டேன். சத்தியமா. தொடுங்க" என்றாள். தான் இப்படிக் கெஞ்சுவது அவளுக்கே புதிதாக இருந்தது.

"நிஜமாவாம்மா?" என்று கேட்ட கொத்தனார், உள்ளங்கையைச் சட்டையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டு, பிறகுதான் குண்டுவின் காதைத் தொட்டார். அவர் கையைத் துடைத்ததை அவளால் பார்க்க முடியவில்லை.

வாசலைத் தாண்டியதும் குண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போனது. கீழே நின்று, தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டது. தண்ணீர் விழுவதற்கு முன்பே அதன் உடம்பு நடுங்கத் தொடங்கிவிட்டது.

"வாடா, இன்னிக்கு இல்லடா" என்று டெய்லரம்மா இழுத்தாள். அது நகரவில்லை. மேலே ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. குனிந்தபோதுதான் கவனித்தாள். அவளுடைய வலது கை, அவளைக் கேட்காமலேயே பைக்குள் போய், டெட்டால் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.