டோலியின் முன்கோலில் மிபுரோ

புருண்டியில் எங்கள் பக்கத்துக் குன்றுகளில் நோயாளியை டோலியில் தூக்கிப்போவது ஆண்களின் வேலை. ஆண்களில் பாதிப் பேர் கூலிக்குத் தான்சானியா போனபிறகு, பிரசவ வலியில் வீட்டிலேயே கிடந்து செத்தவர்கள் உண்டு. அதைப் பொறுக்காமல் என் தங்கை மிபுரோ பெண்களைச் சேர்த்தாள். முதல் காரியமாக அவர்களைச் சுவரோரம் நிறுத்தித் தோள் உயரம் பார்த்து, ஒரே உயரக்காரிகளை ஜோடி சேர்த்தாள். கோல் சாய்ந்தால் உள்ளே படுத்திருப்பவள் உருண்டுவிடுவாள் அல்லவா? என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. இப்படி யோசித்த ஆண் எங்கள் குன்றில் ஒருவனும் இல்லை.

போன மழைக்காலத்தில் அந்த டோலியில் நானே படுத்தேன். பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. என் வீட்டுக்காரரும் தான்சானியாவில். பாதை முழுக்கச் சேறு. முன்கோலில் மிபுரோ, அவள் பின்கழுத்தையே பார்த்தபடி கிடந்தேன்.

"அக்கா, பேசிக்கிட்டே வா. நீ சும்மா இருந்தா பயமா இருக்கு."

"என்னத்தப் பேச?"

"என்னைத் திட்டு. அதான் உனக்கு நல்லா வருமே."

பின்கோலில் இருந்த கன்சேசா சிரித்தாள். வயிற்றில் பிள்ளை அசைந்து நேரமாகிவிட்டதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

ஓடைக்கு முன்னால் வாழைப்பழ பீர் விற்கும் கடை. டோலி வந்தால் வழியில் இருப்பவர் தோள் கொடுக்க வேண்டும். கொடுக்க வந்த தோளை வேண்டாம் என்பது அவருக்குப் பெரிய அவமானம். பாதையோரத்தில் வீடு உள்ள மினானி மூன்று பேரோடு கடையிலிருந்து எழுந்து வந்தார்.

"பொம்பளைங்க தூக்குறீங்களா? உங்க குன்றுல மீசை மொளைச்சவன் ஒருத்தனும் இல்லையா? விடுங்க, நாங்க கொண்டுபோறோம்."

கோல் கைமாறியது. ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. எல்லார் மூச்சிலும் பீர். டோலி சரிந்தது. எதிரே ஓடையின் குறுக்கே இரண்டு மரத்துண்டு போட்ட பாலம், அதை நனைத்து ஓடும் தண்ணீர். நான் ஓரத்தை இறுகப் பிடித்தேன்.

"மாமா, எறக்குங்க," என்றாள் மிபுரோ.

"என் தோள வேணாங்கறியா?"

"ஆமா மாமா. இன்னிக்கு அது ஆடுது. பாலத்துல ஆடினா எங்கக்கா போயிடுவா."

"அடியே, மன்னிப்புக் கேளுடி," என்று கன்சேசா முணுமுணுத்தாள். மிபுரோ கேட்கவில்லை. மினானி டோலியை இறக்கினார்.

"இனிமே இந்த வழியா எவளையாவது தூக்கிட்டு வா, பாத்துக்கறேன்."

பெண்கள் தூக்கினார்கள். பாலத்தில் டோலி அசையவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். முதுகைத் தேய்த்துவிட்ட பிறகுதான் அழுதான்.

இப்போது அவன் தவழ்கிறான். ஆஸ்பத்திரிக்கு மினானி வீட்டைத் தாண்டாமல் வேறு பாதை கிடையாது. போன வாரம் குறுக்கே முள் வெட்டிப் போட்டிருந்தார்களாம். மிபுரோ அதை ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறாள். "முள்ளுதானேக்கா, அவரு வந்து படுத்துக்கலையே," என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று காலை மறுபடி ஒரு கர்ப்பிணியைத் தூக்கிப் போனாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். பொழுது சாய்ந்துவிட்டது, எதிர்ச் சரிவில் திரும்பி வருகிறவர் யாரையும் இன்னும் காணோம்.