காக்கா எழுந்து பேசிய நாள்

எல்லாம் வல்ல இறைவன் எங்கள் காக்காவைத் தன்னிடம் அழைத்துக்கொண்டு ஒரு வருஷம் நிறைகிறது. காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் அழைப்போம். வருஷ ஃபாத்திஹாவுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு நினைவு மலராவது அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று காக்காவின் மனைவியான மச்சி சொன்னார்கள். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காக்காவோடு அதிகம் சண்டை போட்டவன் நான்தான், அதனால் அது நியாயம்தான்.

ஐந்து பிள்ளைகளில் காக்கா மூத்தவர்கள். வாப்பா காலமானபோது அவர்களுக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து எங்களுக்கு வாப்பாவும் அவர்களே. திருச்சியில் இஞ்சினியரிங் படித்து, வளைகுடாவில் எட்டு வருஷம் வெயிலில் காய்ந்து, பிறகு டெக்சாஸ் வந்து, சுகர் லேண்டில் வீடு வாங்கி என்னையும் வரவழைத்தார்கள். எண்ணெய்க் குழாய்களைச் சோதிப்பது அவர்கள் உத்தியோகம். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கோ கோபம் மூக்கு நுனியில்.

இந்த இரண்டு பேரையும் எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத் தலைவராகவும் செயலாளராகவும் உட்கார வைத்தது. இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மறு வாரம் பள்ளிவாசல் ஜன்னலில் செங்கல் விழுந்தது. நான் டி.வி.க்காரர்களைக் கூப்பிடச் சொன்னேன். காக்கா கடைக்குப் போய்க் கண்ணாடி வாங்கி வந்து ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் தம் கையாலேயே மாட்டிவிட்டார்கள். ஆபீஸில் கூடச் சாப்பிடுகிறவர்கள் மேஜை மாறி உட்கார்ந்தபோதும் அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் காக்கா டோனட் வாங்கிப் போனார்கள். "பழகினா பயம் போயிரும் தம்பி" என்பார்கள். "நம்ம உரிமைய டோனட் குடுத்து வாங்கணுமா காக்கா?" என்பேன். ஏழு வருஷம் இதே பேச்சுதான்.

அந்தச் சண்டை முற்றியது மையவாடி விஷயத்தில். ஜமாஅத்துக்கென்று அடக்க இடம் கிடையாது. ஒரு மையித்தை அடக்க வேண்டும் என்றால் இரண்டு மணி நேரம் ஃப்ரீவேயில் போய், இன்னொரு ஊர்க்காரர்களின் மையவாடியில் இடம் கேட்டு நிற்க வேண்டும். கடைசியில் பக்கத்துக் கவுண்டியில், நம்மூர் மாவட்டம் மாதிரி, ஒரு நிலம் அமைந்தது. அக்கம்பக்கத்தார் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிடும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணங்களை இந்த மலரில் எழுத மனம் வரவில்லை.

நான் வக்கீலைப் பிடித்துக் கோர்ட் மனு தயாரித்தேன். காக்கா சனிக்கிழமைகளில் மச்சி செய்த வட்டலப்ப இனிப்பை எடுத்துக்கொண்டு அந்தச் சாலையில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார்கள். பெயர்ப்பலகை வைக்க மாட்டோம், சாலையோரம் மரம் நடுவோம் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து ஒன்பது வீட்டில் சம்மதக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். செத்த பிறகும் ஒளிந்துகொள்ள வேண்டுமா என்று கமிட்டியில் எல்லார் முன்னாலும் கேட்டேன். கோழை என்றும் சொன்னேன். காக்கா ஃபைலை மூடி வைத்துவிட்டு மக்ரிப் தொழக் கிளம்பிவிட்டார்கள்.

இங்கே கரீம் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர், கறுப்பினத்து அமெரிக்கர், ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறு பிராயத்தில் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு கறுப்பினத்தார் உரிமை ஊர்வலம் போனவர். அந்த நாளிலும் இதே தகராறுதான் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். பேசிப் பார்ப்போம் என்ற தலைவர்களும், பேசியது போதும் என்ற தலைவர்களும் அவருடைய தாயாரின் சாப்பாட்டு மேஜையில் மாறி மாறி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்களாம்.

நிலத்துக்கு அனுமதி கொடுக்க ஓட்டுப் போடும் கவுண்டி கமிஷனர்கள் முன்னால் முதல் விசாரணை நடந்தது. நாங்கள் முப்பது பேர் போயிருந்தோம். கரீம் பாய் எங்கள் ஜமாஅத்தின் மற்றக் கறுப்பினத்துச் சகோதரர்கள் ஆறு பேரோடு மூன்றாவது வரிசையில் இருந்தார். காக்காவிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு வெள்ளைக்கார அம்மா எங்களுக்கு ஆதரவாக எழுந்தார்.

"முதலில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது" என்றார் அவர். "ஆனால் இவர் என் வீட்டுக்கு வந்து உறுதி சொன்னார். இங்கே வரப்போவது எல்லாரும் இந்திய டாக்டர்கள், இஞ்சினியர்களின் குடும்பங்கள். நாம் பயப்படுகிற மாதிரி ஆட்கள் யாரும் வர மாட்டார்கள்."

கரீம் பாய் எழுந்து வெளியே போனார். அந்த ஆறு பேரும் போனார்கள். காக்கா தலை குனிந்துகொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி, அதை மறைத்துப் பயனில்லை. பார்த்தீர்களா உங்கள் வட்டலப்ப வழியை என்று கேட்பதற்காகவே வேகமாக வெளியே வந்தேன்.

பார்க்கிங்கில் கரீம் பாய் என் கோர்ட் மனுவின் நகலை நீட்டி, முதல் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினார். எங்கள் ஜமாஅத்தார் பட்டம் பெற்றவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், உயர் உத்தியோகத்தினர் என்று இருந்தது. வக்கீல் கேட்டபோது நானே சொல்லி எழுத வைத்த வரி. கரீம் பாய் வாடகை வீட்டில் இருக்கிறவர்.

"உன் அண்ணன் என்னை வாய்வார்த்தையில் ஒதுக்கிவிட்டார். நீ எழுதியே ஒதுக்கிவிட்டாய்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை பாங்கு சொல்ல அவர் வரவில்லை.

காக்கா அவர் வீட்டுக்குப் போனார்கள். கையில் எதையும் எடுத்துப் போகவில்லை என்று மச்சி சொல்லித்தான் தெரியும். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. என் வரிக்கு எனக்கு ஆயிரம் சமாதானம் இருந்தது. வழக்கு ஜெயிக்க வேண்டாமா?

இரண்டாம் விசாரணை நாளில் எங்களுக்குச் சாதகமாக ஓட்டு விழும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே போதும். பேசாமல் இருப்பதில் காக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றைக்குப் பார்த்து எழுந்தார்கள்.

"நான் உங்கள் வீடுகளில் ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு" என்று ஆங்கிலத்தில் நிதானமாக ஆரம்பித்தார்கள். "இந்த மண்ணில் பஸ் டிரைவரும் படுப்பார். ஜெயிலுக்குப் போய் வந்தவரும் எங்கள் ஜமாஅத்தில் இருக்கிறார், அவரும் படுப்பார். கறுப்பு, வெள்ளை, என்னைப் போல மாநிறம், எல்லாரும்தான். அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் உங்கள் கையெழுத்து இருக்கட்டும்."

ஒன்பது வீட்டில் ஐந்து வீட்டார் கையெழுத்தை வாபஸ் வாங்கினார்கள். தண்ணீரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று கமிஷனர்கள் ஓட்டெடுப்பைத் தள்ளி வைத்தார்கள்.

நான் அதே பார்க்கிங்கில் கத்தினேன். "இத்தன வருஷம் வாய மூடிட்டு இருந்தீங்க. கைக்கு எட்டின நேரத்துலயா தொறக்கணும்? எல்லாத்தையும் ஸ்பாயில் பண்ணிட்டீங்க."

"கரீம் பாயக் கழிச்சுட்டு வாங்குற எடத்துல என்னை அடக்காதே தம்பி" என்றார்கள் காக்கா. நான் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். இரண்டு மாதம் அவர்களோடு பேசவில்லை.

மூன்றாம் மாதம் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. ஐந்து வாரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த ஐந்து வாரமும் பக்கத்தில் இருந்து கால் பிடித்துவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். மையவாடிப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை. ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

காக்காவை இரண்டு மணி நேரத் தொலைவில், இன்னொரு ஊர்க்காரர்கள் இரங்கிக் கொடுத்த இடத்தில் அடக்கினோம். இடம் கொடுத்த அந்த ஜமாஅத்தாருக்கும், மருத்துவமனையில் முறை வைத்துத் துணையிருந்த சுகர் லேண்ட் குடும்பங்களுக்கும், நாற்பது நாளும் மச்சி வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய ஹிந்து சகோதரிகளுக்கும், ஆலன் ஊரிலிருந்து கார் ஓட்டி வந்த மச்சியின் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உரியது. அந்த நிலத்துக்கு அனுமதி இன்றுவரை வரவில்லை.

கடைசி நன்றி கரீம் பாய்க்கு. ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர் அவர்தான். கபுருக்குள் என்னோடு இறங்கி காக்காவின் தலைப்பக்கத்தைத் தாங்கியவரும் அவர்தான். மண் தள்ளி முடிந்ததும், எங்கள் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"உன் அண்ணன் என் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டார். நீ உனக்காகக் கேள்" என்றார்.

அன்றைக்கு நான் கேட்காமலே காருக்கு நடந்துவிட்டேன். இப்போது இந்த மலரில், நான் எழுத வைத்த அந்த வரிக்காகக் கேட்கிறேன். கரீம் பாய்க்குத் தமிழ் வாசிக்க வராது, நான்தான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். பள்ளிவாசலிலிருந்து பத்து நிமிஷம்தான். ஒரு வருஷமாகியும் நான் இன்னும் போகவில்லை.