சீதனக் கார்

ஆயுசு பூராவும் ஊராருக்குப் பல் கட்டிக் கொடுத்தவளுக்குக் கடைசியில் கடைவாயில் பல் இல்லை. சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சிரித்தேன். போன வாரம் நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடந்தேன். டாக்டர் சின்னப் பெண். பேனா போல ஒன்றை வாய்க்குள் விட்டு ஒரு சுற்று சுற்றினாள், எதிரே இருந்த திரையில் என் ஈறு பெரிதாக வந்து நின்றது. அவ்வளவுதான் அளவெடுப்பாம். பல் கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வந்துவிடுமாம். எங்கள் காலத்தில் ஒரு பல் செட்டுக்கு மெழுகும் மாவும் அரமுமாகக் குனிந்து கிடந்ததில் வந்த கழுத்து வலி இன்னும் என்னோடு இருக்கிறது. அதையும் சேர்த்துக் கூரியரில் அனுப்ப முடிந்தால் தேவலை.

அதுவரைக்கும் தற்காலிகமாக ஒரு பல் வைக்கிறேன் என்று சொல்லி, குட்டிக் கிண்ணத்தில் பொடியைப் போட்டு மேலே ஏதோ திரவத்தை ஊற்றிக் கிண்டினாள். அப்போது வந்தது அந்த வாசனை, எங்கள் பழைய வேலையறையின் வாசனை. நகப்பூச்சு வாசனையைப் பத்து மடங்காக்கினால் கிட்டத்தட்ட இப்படி இருக்கும். மூக்கில் ஏறி நேரே கண்ணில் இறங்கும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "வலிக்குதா ஆண்ட்டி?" என்று கேட்டாள். வாயைத் திறந்து வைத்திருப்பவள் என்ன பதில் சொல்வது? இல்லை என்று கையை ஆட்டினேன்.

லீலாவின் நினைப்பு வந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

அந்த நாட்களில் நானும் லீலாவும் ஒரு பல் டாக்டரின் பின்கட்டு அறையில் செயற்கைப் பல் செய்கிற வேலையில் இருந்தோம். நான் நாகர்கோவில், அவள் பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் மெழுகில் பல் அடுக்குவாள், நான் ராவி மெருகு போடுவேன். அவளுடைய கையைப் பற்றி நான் சொல்லப் புகுந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கிழவருக்கு வைக்கிற பல் கொஞ்சம் தேய்ந்திருக்க வேண்டும், ஒன்று லேசாகக் கோணியிருக்க வேண்டும் என்பாள். வரிசையாக முத்துப்போல வைத்தால் பொய்ப்பல் என்று தெருவில் போகிறவனும் சொல்லிவிடுவானாம். நன்றாகச் செய்தால் அது செய்ததென்றே யாருக்கும் தெரியக் கூடாது, அதுதான் அந்தத் தொழில். கட்டிக்கொண்டவர்கள் வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்கள். இதில் அவளுக்கு ஒரு மனக்குறை இருந்தது.

"இத்தன பேரு வாயில என் கை வேலை கெடக்கு மக்கா. ஒருத்தராவது சொல்லுவாவளா? ஒரு சாதனமாவது, இது லீலா செய்ததுன்னு நாலு பேரு சொல்லணும்."

சாதனம் என்றால் எங்கள் பக்கத்தில் பொருள். அந்தச் சாதனம் காராக இருக்கும் என்று அன்றைக்கு நாங்கள் நினைக்கவில்லை.

டாக்டர் வீடு மாடியில். மொட்டைமாடியில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, அதன் உச்சியில் இரண்டு ஆண்டெனா. ஒன்று திருவனந்தபுரத்தைப் பார்க்கும், மற்றது கடலைப் பார்க்கும். கடல் பக்கத்து ஆண்டெனாவில் சிலோன் டி.வி. வரும். வெயில் காலத்தில் பளிச்சென்று இருக்கும், மேகம் மூடினால் படம் முழுக்க மணல் கொட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் அதில் ஓர் ஆங்கிலத் தொடர். துப்பறிகிறவன் ஒருத்தன், அவனுக்கு ஒரு நீளமான கார். பேசுவது ஆங்கிலம், கீழே ஓடுகிற எழுத்து சிங்களம், எங்களுக்கு இரண்டும் தெரியாது. கதையை நாங்களே உண்டாக்கிக்கொள்வோம். என் கதையில் அவனுக்குப் பெண்டாட்டி ஓடிப்போயிருந்தாள். லீலாவுக்கு அவனைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, காரைத்தான் பார்ப்பாள்.

முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. வேறொரு தொடரில் வந்த போலீஸ் ஜீப்பை மீந்த மெழுகில் பிடித்தாள், விரல் நீளம் இருக்கும். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சாப்பிட்டு வருவதற்குள் ஜீப் படுத்துவிட்டது. அடுத்தது ஒரு பால் வண்டி, அது பல் அச்சு வார்க்கிற சுண்ண மாவில் செய்தது. கீழே விழுந்து இரண்டாயிற்று. பிறகுதான் அந்த நீளக் காரைப் பல் செய்கிற பிளாஸ்டிக்கிலேயே வார்க்கலாம் என்றாள். ஈறு நிறத்தில், இளஞ்சிவப்பாக! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சிரிக்காத ஏட்டி. பெயிண்ட் அடிச்சா ஈறுன்னு ஆருக்குத் தெரியும்?"

அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதில் விடாப்பிடி. படத்தை நிறுத்தி வைத்துப் பார்க்கிற வசதியெல்லாம் அப்போது ஏது? கார் பக்கவாட்டில் வந்து நிற்க வேண்டும், நின்றால்தான் அளக்கலாம். அந்தத் துப்பறிகிறவன் எங்கே நிறுத்தினான்! வாரம் முழுக்கக் காத்திருந்தால் ஒரே ஒரு தடவை ஏதாவது வீட்டு வாசலில் நிறுத்துவான். லீலா கையில் நூலோடு தரையில் குந்தியிருப்பாள், கார் நின்றதும் பாய்ந்துபோய்க் கண்ணாடியில் நூலை வைத்துப் பிடிப்பாள். பின்னால் உட்கார்ந்திருக்கிற டாக்டரின் மனைவிக்கு, எங்கள் டாக்டரம்மாவுக்கு, அவள் தலை மறைக்கும்.

"ஏட்டி பிள்ளே, மாறுட்டி! கொலை செய்தது ஆருன்னு சொல்லப்போறான்!"

"ஒரு நிமிசம்மா, பின்சக்கரம் மட்டும்."

இப்படி ஒவ்வொரு வியாழனும் நூலில் ஒரு முடிச்சு. அந்த நூல்தான் எங்களுக்கு வரைபடம். சக்கரத்துக்கு ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி. கண்ணாடிக்குப் பல் எக்ஸ்ரே பிலிம், வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினால் கறுப்பு போய்த் தெளிந்துவிடும். முன்னும் பின்னும் பம்பருக்குப் பல் செட்டில் கம்பி வளைக்கிற அதே கம்பி. அதை மெருகு போட்டது நான், முகம் பார்க்கலாம் போல. முன்பக்கத்துச் சல்லடையை அவள் செதுக்கியதைப் பார்க்கப் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். நிறம் என்ன என்பதுதான் பெரிய வழக்காகிவிட்டது. டாக்டர் வீட்டு டி.வி. கறுப்பு வெள்ளை. டாக்டரம்மா நீலம் என்றார், நான் கறுப்பு என்றேன், லீலா கடுஞ்சிவப்பு அடித்துவிட்டாள். சமீபத்தில் என் அண்ணன் மகன் போனில் தேடி எடுத்துக் காட்டினான். அசல் கார் ஒரு மங்கின சந்தன நிறம். எங்களுடையதுதான் அழகு.

இதை முடித்த கையோடு ஒரு வேடிக்கை நடந்தது. அந்தத் தொடரில் வருகிற எல்லாரும் குட்டையும் தடியுமாக இருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் போல என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒருநாள் மெக்கானிக் வந்து டி.வி.க்குப் பின்னால் எதையோ திருகினார். அடுத்த வியாழக்கிழமை பார்த்தால் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் வளர்ந்து நிற்கிறார்கள்! பெட்டி இத்தனை நாளும் படத்தை மேலும் கீழும் அமுக்கி வைத்திருந்திருக்கிறது. எங்கள் கார் இருக்க வேண்டியதைவிடத் தாழ்ந்து, இழுத்துவிட்டதுபோல நீண்டு கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. லீலா அசரவில்லை.

"நாம கண்டது இதுதானே மக்கா? கண்டதத்தான் செய்ய முடியும்."

அடிப்பக்கம் பெயர் கீறி வைப்போமா என்று கேட்டேன். பல்லில் யாரும் பெயர் கீறுவதில்லை, அந்தப் பழக்கம்தான் அவளுக்கும்.

"என்னத்துக்குக் கீறணும்? கேட்டா நான் சொல்லுவேன்லா."

அந்த வருஷமே அவளுக்குக் குழித்துறையில் கல்யாணம் ஒத்து வந்தது. மாப்பிள்ளை சுகுமாரனுக்கு அரசாங்க வேலை, குணமான ஆள். ஆனால் அவருடைய மாமா ஒருவர் பேச்சு நடக்கும்போதே கார் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். லீலாவின் அப்பாவால் ஸ்கூட்டர்தான் முடிந்தது. மாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேதான் பந்தலில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பக்கம் அடுக்களை காணல் என்று ஒரு சடங்கு உண்டு. கல்யாணம் கழிந்து பெண் வீட்டார் பாத்திரம் பண்டம் பலகாரம் எல்லாம் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது. லீலா முன்னமே சொல்லி அனுப்பியிருந்தாள், "என் சாதனத்தையும் மறக்காம கொண்டு வரணும்" என்று. அவள் அம்மா அதை ஒரு பலகாரப் பெட்டியில் வைக்கோல் போட்டு வைத்தார். வேன் குலுங்கும் என்று நான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒருத்தருக்காவது உறைத்ததா என்று கேளுங்கள். உறைக்கவில்லை. எங்களுக்கு அது கார் இல்லையே, லீலா செய்த சாதனம். கார் கேட்டவர்கள் வீட்டுக்கு ஒரு சாண் நீளத்தில் கார் கொண்டுபோகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வீட்டில் வழக்கம் என்னவென்றால், கொண்டுவந்த ஒவ்வொன்றையும் மாப்பிள்ளையின் பெரியம்மா கூடத்தின் நடுவில் உட்கார்ந்து பிரித்து, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி உரக்கச் சொல்வார். "உருளி ஒண்ணு. குத்துவெளக்கு ரெண்டு. முறுக்கு ஒரு பெட்டி." நல்ல கனத்த குரல். அடுத்த பெட்டியைப் பிரித்தார்.

"காரு..." என்றார். குரல் பாதியில் இறங்கிவிட்டது. "ஒண்ணு."

லீலாவின் அப்பா தரையைப் பார்த்தார். மாமா எழுந்தார்.

"ஓகோ! கேட்டதுக்கு நல்லாட்டு பதில் சொல்லிட்டியளே!"

அடுக்களை வாசலில் லீலா நின்றுகொண்டிருந்தாள். கை புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. "அது நான்..." என்று வாயெடுத்தாள். அதற்குள் சுகுமாரன் எழுந்துபோய் அந்தக் காரை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க, சீதனக் காரு வந்தாச்சி! பெட்ரோல் ஊத்தண்டாம், ஷெட்டு கட்டண்டாம், மாமா ஓட்டிப் பாக்கியளா?"

ஒரு கிழவி முதலில் சிரித்தாள். பிறகு கூடம் முழுக்கச் சிரிப்பு. மாமாவும் வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டினார். சுகுமாரன் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்றிருந்தது எனக்கு. அன்றைக்கு அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் லீலாவை எங்களோடேயே திருப்பி அனுப்பியிருப்பார்களோ என்னவோ. லீலாவும் சிரித்தாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கார் அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஏறியது. நான் எப்போது போனாலும், யாராவது விருந்தாளி வந்திருந்தால், காப்பி வருவதற்கு முன்னால் சுகுமாரன் அதைக் காட்டுவார். "இது எங்க சீதனக் காரு, கேட்டியளா? பெட்ரோல் ஊத்தண்டாம்..." வந்தவர்கள் சிரிப்பார்கள். லீலா காப்பித் தட்டோடு நின்று, சிரிப்பு முடிகிறவரை காத்திருந்து, பிறகு தம்ளரை நீட்டுவாள். வருஷக்கணக்காக அதே பேச்சு, அதே இடத்தில் சிரிப்பு. நல்ல மனுஷன், ஒரு வார்த்தை கடிந்து பேசியவரில்லை. ஆனால் இதைச் செய்தது யார் என்று அவர் ஒருவரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அவளை வேலைக்கு அனுப்பவும் இல்லை. எனக்கு எரிச்சலாக வரும். நான் சொல்லட்டுமா என்று ஒருதரம் அடுக்களையில் வைத்துக் கேட்டேன்.

"விடு மக்கா. அவிய அதச் சொல்லித்தான் என்ன இந்த வீட்டுல நிறுத்தினாவ" என்றாள்.

சுகுமாரன் போய்விட்டார், போன வருஷம், தூக்கத்திலேயே. எங்கள் டாக்டரும் டாக்டரம்மாவும் எப்போதோ போயாயிற்று. நாங்கள் வேலைபார்த்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கடலைப் பார்த்து நின்ற ஆண்டெனா ஒன்றுகூட ஊரில் இல்லை. இதையெல்லாம் ஒப்பாரி வைக்கிறதுக்கு எனக்குத் தெம்பில்லை, சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

டாக்டரிடமிருந்து வந்த அன்றைக்கே, மரத்த வாயோடு, லீலாவுக்குப் போன் போட்டேன். அந்த வாசனை வந்த கதையைச் சொன்னேன். பாதி அவளுக்குப் புரியவில்லை. "வாயில சோறா வச்சிருக்க?" என்று கேட்டாள். கார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அந்த அலமாரியிலதான் நிக்கி. நேத்து இன்டர்நெட்டு மாட்ட ஒருத்தன் வந்தான். வயருக்கு வழி பாக்கேதுக்கு அலமாரிய நீக்கினவன், அதக் கண்டுட்டு இது என்ன காரு ஆண்ட்டின்னு கேட்டான். நான் அவிய சொல்லதுபோலயே சொன்னேன் மக்கா, சீதனக் காரு, பெட்ரோல் ஊத்தண்டாம்னு. அவன் சிரிக்கவே இல்ல."

"பொறவு?"

"கையில எடுத்தான். திருப்பித் திருப்பிப் பாத்தான். முன்பக்கத்துச் சல்லடைய வெரலால தடவிப் பாத்தான். பொறவு கேட்டான், இத ஆரு செய்ததுன்னு."

எனக்கு மரப்பு விட்டுப்போன மாதிரி இருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நீ என்னட்டி சொன்ன?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். வரல. கடையில வாங்கினதுன்னு சொல்லிட்டேன்."

அவள் வீட்டில் குக்கர் சத்தம் கேட்டது.

"அவன் விடல மக்கா. எந்தக் கடைன்னு கேட்டான். நாகர்கோவில்ல ஒரு கடை இருந்துது, இப்பம் இல்லன்னு சொன்னேன்."