ராஜப்பன் வாத்தியார் இறங்கிய கிணறு

பாகலூர் ராஜப்பன் வாத்தியாருக்கு வாய் நீளம். கண்ணால் காணாததை நம்பாதே என்று பத்து வருஷமாகத் தெருவையே பிடித்து உலுக்கினவர். அறிவெல்லாம் அனுபவத்தின் வழியேதான் வருகிறது என்ற பழைய ஆங்கிலேயச் சிந்தனையாளர்கள்தாம் அவருக்குக் குலதெய்வம். கவைக்குச்சி பிடித்து நீரோட்டம் பார்க்கும் சென்னகிருஷ்ணனைக் கண்டால், "என்னய்யா, குச்சிக்குத் தாகமா?" என்று கேட்காமல் விடமாட்டார்.

1956 கோடையில், அவர் மனைவி மாதம்மாளின் தாய்வீட்டுச் சீதனமான அரை ஏக்கரில் கிணறு வெட்ட வேண்டியிருந்தது. ஆடி பிறப்பதற்குள் தண்ணீர் காணாவிட்டால் நிலம் அவள் அண்ணன் கைக்கே திரும்பும் என்று பேச்சு. சென்னகிருஷ்ணனின் குச்சி வடக்கு மூலையில் வளைந்தது. வாத்தியார் அதை நம்பாமல், எறும்பு தானியத்தை இழுத்துப்போகும் பக்கம் தண்ணீர் உண்டு என்ற ஊர் வழக்கப்படி நவதானியம் தூவினார். எறும்புகள் அதைப் புளியமரத்துப் பக்கம் இழுத்துப் போயின. கண்ணால் பார்த்தாயிற்று! ஆனாலும் ஒரு வாரம் யோசித்துக்கொண்டே கிடந்தார். நேற்றுவரை எறும்பு போன இடத்திலெல்லாம் தண்ணீர் இருந்தது சரி, இன்றைக்கும் இருக்கும் என்று யார் சொன்னது?

"எறும்ப நம்பறீங்களா இல்லையா?" என்றாள் மாதம்மாள்.

"நம்பறன்."

"அப்புறம் கடப்பாரைய எடுக்காம என்னாத்துக்கு குந்தினு இருக்கீங்க?"

வாத்தியார் துள்ளி எழுந்தார். ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். எதை வைத்து ஒருவன் காரியத்தில் இறங்கத் தயாரோ அதுவே அவன் நம்பிக்கை. போன நூற்றாண்டில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அமெரிக்கர்கள், ஒரு கருத்தை அதன் விளைவில் பார் என்று புதுத் தத்துவமே கண்டார்கள். பழைய வேர், புதுத் தளிர்! "அனுபவம்னா முடிஞ்சுபோனது மட்டும் இல்ல மாதம்மா, இனிமே வரப்போறதும்தான்!" சந்தோஷத்தில் சட்டையைக்கூட மறந்து நிலத்துக்கு ஓடினார்.

புளியமரத்துப் பக்கம் வெட்டியதில் பதினோராவது அடியில் பாறை. ஊர் சிரித்தது, மாதம்மாள் அழுதாள். வாத்தியார் நேரே சென்னகிருஷ்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார். பத்து வருஷக் கிண்டலை விழுங்குவது லேசா? "எம்மேல தப்புய்யா. எறும்பு ஏமாத்திடுச்சி. உன் குச்சி வளைஞ்ச இடத்துல வெட்டறன், வந்து காட்டு."

வடக்கு மூலையில் ஆள் ஆழம் தாண்டியதும் சென்னகிருஷ்ணன் மேலிருந்து குனிந்தார். "வாத்தியாரே, நெசமாவே என் குச்சிய நம்பறீங்களா?"

"நம்பாமயாய்யா குழிக்குள்ள நிக்கறன்?"

ஆடிக்கு நாலு நாள் இருக்கும்போது, பதினேழாவது அடியில், அவர் கால் விரலிடுக்கில் சேறு குளிர்ந்தது. மாதம்மாள் போட்ட கூச்சலில் ஊரே ஓடிவந்தது. நிலம் அவளுக்கே நின்றது.